ஒரு துணைக்கால்

வருடத்தின் கடைசி வேலை நாள். இரண்டு மணிக்கு அச்சகத்தை மூடிவிடுவார்கள். அதற்குள் முடிய வேண்டியது ஒரே ஒரு வேலை, போதகரின் ஆண்டிறுதித் துண்டுப் பிரசுரம். பிழை பார்ப்பதற்கான அதன் மெய்ப்பு மாடியில், மெய்ப்புக்காரரின் மேசைமேல் கிடந்தது.

அவருக்கு அது புதிதில்லை. இருபது வருடமாக, வருடம் முடியும்போதெல்லாம் வருகிறது. நான்கு பக்கம். ஆண்டு முடியப் போகிறது, கடவுள் இன்னும் காத்திருக்கிறார், மனம் திரும்புங்கள் என்பதுதான் எல்லா வருடமும் அதன் சாரம். எழுத்தெழுத்தாகப் படிப்பார். ஒற்று மிகுமா மிகாதா, இரண்டு சுழியா மூன்று சுழியா என்று பார்ப்பதற்காகப் படிப்பார். மனம் திரும்புங்கள் என்ற வரி வந்தால், அது மணம் ஆகிவிடவில்லையே என்று பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

சாப்பாட்டு நேரம். இயந்திரத்தை நிறுத்தியிருந்ததால் கீழே பேசுவதெல்லாம் மாடிப்படி வழியாக மேலே கேட்டது. பக்கம் அமைக்க நான்கு மாதத்துக்கு முன்பு சேர்ந்த பெண்மணிக்கு இயந்திரக்காரர் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதே நோட்டீஸ்தாம்மா. பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி. தலைப்பு என்ன? 'கடவுளின் பொறுமை இன்னும் தீரவில்லை.' உங்க சீட்ல அப்ப இருந்த ஆளு என்ன அடிச்சான் தெரியுமா? 'கடவுளின் பொறாமை இன்னும் தீரவில்லை'!"

சிரிப்பு.

"அதோட விட்டானா? உள்ள ஒரு வரி, 'பொறாமையை விட்டுத் திரும்புங்கள்'னு இருக்கணும். அங்க போய் 'பொறுமையை விட்டுத் திரும்புங்கள்'! கடவுளுக்குப் பொறாமையாம், மனுஷனுக்குப் பொறுமை கூடாதாம். ரெண்டாயிரம் காப்பி ஓட்டி, சபையில ஆளுக்கொண்ணு குடுத்தாச்சு."

"ஐயையோ. அப்புறம்?"

"அப்புறம் என்ன, முதலாளி சீட்டைக் கிழிச்சுட்டார். அதுவரைக்கும் அவனுக்குப் பேரு எக்ஸ்பிரஸ். கை அவ்வளவு வேகம். அன்னிலேர்ந்து பொறாமை. பொறாமை வர்றான், பொறாமை போறான். எந்தப் பிரஸ்லயும் அவனைச் சேத்துக்கல. இப்ப கோர்ட்டுக்கு எதிர்ல ரப்பர் ஸ்டாம்ப் கடை. பொறாமை கடை எதுன்னு கேட்டா யாரும் வழி சொல்லுவாங்க."

மாடியில் மெய்ப்புக்காரரும் சிரித்தார். அந்தக் கதை சொல்லப்படும்போதெல்லாம் சிரிப்பார். சிரிக்காமல் இருந்தால் யாராவது கவனித்துவிடுவார்கள் என்று ஆரம்பித்தது, பிறகு பழகிவிட்டது.

"ஆமா, அப்ப புரூஃப் பார்த்தது யாரு?" என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

பன்னிரண்டு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. சாப்பாட்டு டப்பாவை யாரோ மூடினார்கள். பிறகு இயந்திரக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சார்தான். அவர் சரியாத்தான் பார்த்திருக்கார். அவர் கண்ணுல தப்பு தப்புமா?"

மெய்ப்புக்காரர் பேனாவை மூடி வைத்தார்.

நடந்தது இதுதான். அந்த வருடம் எக்ஸ்பிரஸ் தலைப்பைச் சரியாகத்தான் அடித்திருந்தார். அதே பக்கத்தின் உள்வரியில் மட்டும், பொறாமை என்று வர வேண்டிய இடத்தில் பொறுமை என்று விழுந்துவிட்டது. மெய்ப்புக்காரர் அதைக் கண்டுபிடித்தார். ஓரத்தில் 'றா' என்று எழுதினார். எழுதியதிலிருந்து சொல்லுக்குக் கோடு இழுக்கும்போது, யாரோ கூப்பிட்டார்களோ, கண் அசந்ததோ, கோடு உள்வரிக்குப் போகாமல் தலைப்புக்குப் போய் அங்கிருந்த 'று'வை அடித்துவிட்டது. இயந்திரச் சத்தத்தில் கத்திப் பேச முடியாது என்பதால் அந்த அச்சகத்தில் சந்தேகம் வந்தால் பென்சிலால் கேள்விக்குறி போட்டுத் தாளைத் திருப்பி மாடிக்கு அனுப்புவார்கள். எக்ஸ்பிரஸ் கேள்விக்குறி போட்டு அனுப்பினார். இவர் தலைப்பைப் பார்க்கவே இல்லை. தன் திருத்தத்தையே கேள்வி கேட்கிறான் என்ற எரிச்சலில், அடியில் 'இருக்கட்டும்' என்று எழுதிக் கீழே அனுப்பினார்.

இதுவரைக்கும் பிழை. யாருக்கும் வரக்கூடியது.

பிரசுரம் அச்சாகிச் சபைக்குப் போய்விட்ட அன்று மாலைதான் அவர் தலைப்பைப் பார்த்தார். வேலை முடிந்து கம்பியில் குத்தி வைத்திருந்த மெய்ப்புத் தாள்களிலிருந்து அந்த ஒரு தாளை மட்டும் உருவிக்கொண்டார். முதலாளி கேட்டபோது, "நான் சரியா திருத்தித்தான் அனுப்பினேன். தாளைக் காணோம்" என்றார். பிழை விடாதவர் என்ற பெயரைத் தவிர அவரிடம் பெரிதாக எதுவும் இருந்ததில்லை. அதைக் கொடுக்க மனம் வரவில்லை. எக்ஸ்பிரஸ் எதிரே நின்று, "அண்ணே, நான் கேள்வி போட்டேனே, ஞாபகம் இல்லையா?" என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அந்தப் பிரசுரம் மேசைக்கு வரும். வரும் வருடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். ஜனவரி பிறந்ததும் இன்னும் பன்னிரண்டு மாதம் இருக்கிறதே என்று தோன்றிவிடும். முதலில் சில வருடம் தண்டனைக்குக் காத்திருந்தார். தடுக்கி விழுந்தால், இருமல் நீண்டால், சரி, வந்துவிட்டது என்று நினைத்தார். விழுந்த காயம் ஆறியது, இருமல் நின்றது. மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. இவருக்குச் சம்பளம்கூட உயர்ந்தது. கடவுள் அவரை ஒன்றும் செய்யவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய பயமாக இருந்தது. திட்டினால் பதில் பேசலாம். பேசாமலே இருப்பவரிடம் என்ன பேசுவது?

இப்போது, மூடிய பேனாவோடு, மேசைமேல் இருந்த பிரசுரத்தைப் பார்த்தார். கடவுள் இன்னும் காத்திருக்கிறார். ஒற்று சரி, சுழி சரி. மறுபடி படித்தார். யாருக்காக என்ற கேள்வி அப்போதுதான் அவருக்கு வந்தது. வந்த பிறகு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. பன்னிரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த கடவுளின் மௌனம், யாரோ எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், இவர் வாயைத் திறக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்ததுபோல இருந்தது.

மீதியை முடித்து, 'அச்சிடலாம்' என்று கையெழுத்துப் போட்டார். அலமாரியிலிருந்து தடித்த அகராதியை இறக்கினார். அவரைத் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. அதற்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படி இறங்கினார்.

"என்ன சார், சீக்கிரமே?" என்றார் இயந்திரக்காரர்.

"கோர்ட் வரைக்கும்."

"ஏதும் கேஸா?"

"ஆமா," என்றார். இயந்திரக்காரர் சிரித்தார்.

பேருந்தில் போகும்போது சொல்ல வேண்டிய வாக்கியங்களை அடுக்கினார். அடுக்கியதைத் திருத்தினார். 'தவிர்க்க முடியாத சூழ்நிலையில்' என்று ஒன்று வந்தது, அதை அடித்தார். 'என்னை அறியாமல்' என்று வந்தது, அதையும் அடித்தார். இறங்கும்போது மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலத்தில் கடை இருந்தது. எக்ஸ்பிரஸ் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, ஒரு முத்திரையின் தலைகீழ் எழுத்துகளை ஊசியால் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது.

"அடடே, அண்ணே! வாங்க, வாங்க. ஸ்டாம்பா? ஆபீஸுக்கா, உங்க பேருக்கா?"

அந்த வரவேற்புக்கு இவர் தயாராக இல்லை. "ஸ்டாம்ப் இல்லப்பா," என்றார். வேறு எதுவும் வாயில் வரவில்லை. தாளை எடுத்துப் பிரித்துப் பலகைமேல் வைத்தார்.

எக்ஸ்பிரஸ் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தெருவில் ஒரு வண்டி பின்னால் வந்து, நின்று, போயிற்று.

"இது என் கேள்விக்குறி," என்றார் கடைசியில்.

"ஆமா."

"பாருங்க, அடியில புள்ளி வைக்காம ஒரு இழுப்பு. அவசரத்துல நான் அப்படித்தான் போடுவேன்."

"தெரியும். கேட்டது நீ. பாக்காமலே 'இருக்கட்டும்'னு எழுதினது நான். அன்னிக்குச் சாயங்காலமே தாளை எடுத்து ஒளிச்சுட்டேன். முதலாளிகிட்ட பொய் சொன்னேன். உன் வேலை போச்சு, பேரு போச்சு. நான்தான் காரணம்."

எக்ஸ்பிரஸ் அதைக் கேட்டமாதிரி தெரியவில்லை. பின்பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏய்! இங்க வா! பசை கெடக்கட்டும், ஓடி வா!"

முத்திரைகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்த மனைவி, விரலெல்லாம் பசையோடு வந்தார்.

"பாருடி! நான் கேட்டிருக்கேன்! கேள்விக்குறி போட்டிருக்கேன்! நான் லூசு இல்லடி!"

பிறகு மெய்ப்புக்காரரிடம் திரும்பினார். கண் நனைந்திருந்தது, வாய் சிரித்தது. "முதல் ரெண்டு வருஷம் எல்லார்கிட்டயும் சொன்னேன்ணே. கேட்டேன், கேட்டேன்னு. ஒருத்தன் நம்பல. மூணாவது வருஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நீங்க போய் பொய் சொல்லுவீங்களா? அப்ப நான்தான் கனவு கண்டிருக்கேன்னு நெனச்சேன். இவகூட, விடுங்க, தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்கிட்டா மனசு ஆறும்னு சொன்னா. ஒத்துக்கிட்டேன். ஆறல."

வேலையையும் பெயரையும்தான் பிடுங்கினோம் என்று மெய்ப்புக்காரர் நினைத்திருந்தார். தன்மேலிருந்த நம்பிக்கையையே எக்ஸ்பிரஸ் இழந்தது அவருக்குத் தெரியாது.

மனைவி தாளை ஒருமுறை முழுக்கப் படித்தார். முன்பெல்லாம் இவரை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டவர்.

"என்ன சார்," என்றார். "பன்னெண்டு வருஷமா இதை வச்சு என்ன பண்ணீங்க? அடைகாத்தீங்களா?"

"கிழிச்சுப் போட முடியலம்மா. கொண்டுவரவும் முடியல."

"என் பையனைப் பள்ளிக்கூடத்துல பொறாமை மகன்னு கூப்பிட்டாங்க. இவர் கல்யாண வீட்டுக்குக்கூட வரமாட்டாரு. எவனாவது கூப்பிட்டுடுவான்னு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"சொல்ல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா?"

"இல்லம்மா. என்ன சொன்னாலும் சாக்கு மாதிரி ஆயிடும்."

அவர் இவரை முறைத்துப் பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து இவர் கண்ணை எடுக்கவில்லை.

"சரி. இங்க எங்ககிட்ட சொன்னா போதாது. எங்க உக்காந்து சிரிச்சாங்களோ அங்க சொல்லணும்," என்றார் மனைவி.

மணி ஒன்றே முக்கால். மெய்ப்புக்காரர் கைபேசியை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார். எல்லாரும் இருக்கும்போதே ஸ்பீக்கரில் போடச் சொன்னார். தலைப்பில் துணைக்காலைப் போட்டது தான் என்றார். எக்ஸ்பிரஸ் கேட்டும் பார்க்காமல் விட்டது தான், தாளைத் திருடியது தான், பொய் சொன்னதும் தான் என்றார். நான்கு வாக்கியம். ஒரு அடைமொழிகூட இல்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம்," என்று எக்ஸ்பிரஸ் இடையில் புகுந்தார். "உள்வரியில இருந்த 'பொறுமை' நான் அடிச்ச தப்புதான். அதையும் சொல்லிடுங்க."

"சும்மா கெடங்க!" என்று மனைவி அவர் தோளில் அடித்தார். சட்டையில் பசை ஒட்டிக்கொண்டது.

கைபேசியில் இயந்திரக்காரரின் குரல் தயங்கி வந்தது. "யாரு... எக்ஸ்பிரஸா பேசறது?"

எக்ஸ்பிரஸ் கண்ணாடியைக் கழற்றினார். மனைவிதான் குனிந்து, "ஆமா, எக்ஸ்பிரஸ்தான். நல்லா காதுல விழுந்துச்சா? இன்னொரு தடவை சொல்லு," என்றார்.

"எக்ஸ்பிரஸ்," என்றது கைபேசி, கீழ்ப்படிந்து.

முதலாளி கடைசியாகப் பேசினார். "சார், நாளன்னிக்கு வந்து என்னைத் தனியா பாருங்க." குரலில் ஈரமில்லை. வேலை போகலாம். மெய்ப்புக்காரர் "வர்றேங்க" என்றார். அந்த வார்த்தை இவ்வளவு லேசாக வரும் என்று அவர் நினைக்கவில்லை. பசிகூட எடுத்தது.

"என்னை மன்னிச்சிடுப்பா," என்றார். "நீங்களும்மா."

எக்ஸ்பிரஸ் தலையை ஆட்டினார். "இன்னிக்குக் கேக்காதீங்கண்ணே. இன்னிக்கு எனக்கு சந்தோஷம். இப்ப என்ன கேட்டாலும் சரின்னுடுவேன். கோவம் நாளைக்கு வரும். இல்ல அடுத்த வாரம். வந்ததும் நல்லா திட்டுவேன். அப்ப கேளுங்க."

"சரி."

"வருவீங்கல்ல?"

"வருவேன்."

"வரலேன்னா நான் வருவேன்," என்றார் மனைவி. பிறகு தாளைப் பசை படாமல் முழங்கையால் தள்ளிவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா? மூஞ்சி வெளிறிப் போயிருக்கு," என்றார். அண்ணே என்று சொல்லவில்லை. சார் என்றும் சொல்லவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தார். நல்ல வெயில். பேருந்து நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்தார். தாளை உருவிய நாளிலிருந்து அவர் ஜெபம் செய்யும்போதெல்லாம் எதையோ சுற்றிக்கொண்டுதான் போவார். மழைக்கும் மகளுக்கும் உடம்புக்கும் நன்றி சொல்லி, ஒரு இடம் வந்ததும் ஆமென் போட்டுவிடுவார். இப்போது அந்த இடத்திலிருந்தே ஆரம்பித்தார். நான்தான் என்றார். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. எக்ஸ்பிரஸின் விஷயம் முடிந்து வேறு விஷயங்கள் வந்தன. மறந்துவிட்டதாக நினைத்தவையெல்லாம் வந்தன. யாரும் குறுக்கே பேசவில்லை.

இரண்டு பேருந்துகள் வந்து போயின. மூன்றாவதின் நடத்துநர் எட்டிப் பார்த்து, "ஏறுங்க பெரியவரே, இதை விட்டா ஒரு மணி நேரம்," என்றார்.

"போங்க தம்பி. இன்னும் பேசி முடியல," என்றார் மெய்ப்புக்காரர்.

நடத்துநர் அவருக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு விசிலை ஊதினார்.