மூடிக்கு முந்திய தெரு

1

இந்தக் கதை ஒரு கூட்டத்தில் என் காதில் விழுந்த கேள்வியிலிருந்து பிறந்தது: “புகை கண்ணுக்குத் தெரியுது. நீங்க எண்ணுறது யாருக்குத் தெரியுது?” கேட்டவர் ஒரு நகராட்சித் தலைவர். பதில் சொல்ல வேண்டியவள் பொறிகளில் விழும் கொசுக்களை எண்ணும் ஆய்வாளர். ஊரார் வைத்த பெயர் கொசுக்காரம்மா. இருவரையும் அண்ணியும் கொழுந்தனுமாக ஆக்கியது மட்டும் என் கைவேலை. (சொந்தக்காரர்கள்தான் சண்டைக்குப் பிறகும் பேசிக்கொள்வார்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பதவி மமதையில் தலைவர் மேசையைத் தட்டி—’

வேண்டாம். அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. காய்ச்சல் வார்டில் ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள் கிடப்பதைப் பார்த்துவிட்டு நேராக அண்ணியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவர்.

“அண்ணி, ஒரே வார்த்தைல சொல்லுங்க. புகை அடிக்கணுமா, வேணாமா?”

“அடிச்சா மூணு நாள் குறையுது. நாலாம் நாள் பொறி பழையபடி நிறைஞ்சிடுது. தண்ணித் தொட்டிக்கு மூடி போட்டா குறையும்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா? மன்றத்துல என் தோலை உரிச்சிடுவாங்க.”

“அப்போ பத்துத் தெரு எடுத்துக்குவோம். அஞ்சுக்கு மூடி, அஞ்சு சும்மா. எண்ணிப் பார்த்துச் சொல்றேன்.”

“அந்த அஞ்சு தெரு சும்மா இருக்குமா?”

3

இங்கே அவள் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்ற வேண்டும். எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் தலைவர் முந்திக்கொண்டார்.

“மூடி எப்படியும் மொத்தமா வராது அண்ணி. வாரத்துக்கு ரெண்டு தெருவுக்குத்தான் வரும். யாருக்கு முதல்லன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுடுவோம். ஒருத்தனும் என் சட்டையைப் பிடிக்க முடியாது.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். சீட்டு ஓரவஞ்சனை பார்க்காது. காத்திருக்கும் தெருக்களையும் மூடி வந்த தெருக்களையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். அவள் ஆய்வுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

(அறிவியல் சொல்லும், அரசியல் கேட்டுக்கொள்ளும் என்றுதான் நான் திட்டமிட்டிருந்தேன். கொழுந்தன் கெடுத்துவிட்டார்.)

4

தலைவரின் தெரு கடைசியில் வந்தது.

“வீட்டுல பேச்சு வாங்க முடியல அண்ணி. மறுபடி குலுக்கலாமா?”

“குலுக்கலாம். அப்புறம் நான் எண்ணுறதுல அர்த்தமில்ல.”

அவர் குலுக்கவில்லை. நான்காம் வாரம் அவர் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அதே வார்டு. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றினாள். தலைவர் அவளைக் குறை சொல்லாமல் அவளுக்கும் சேர்த்து டீ வாங்கி வந்து கொடுத்தார். அதுதான் அவளைச் சுட்டது.

‘அந்தக் குழந்தை—’ என்று எழுதி அடித்துவிட்டேன். பிழைத்துக்கொண்டாள். பத்தாம் நாள் பள்ளிக்கூடம் போனாள்.

5

மூடி போட்ட தெருக்களில் கொசு பாதியாகியிருந்தது. காய்ச்சலும் குறைந்தது. அது மூடியால்தானா? இடையில் மழையும் நின்றுவிட்டது.

கொசுப்புகை அடிக்கும் வண்டியை நிறுத்திவிட்டு ஊர் முழுக்க மூடி போடலாமா என்று மன்றம் கூடியது. ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தது. தலைவரின் கைதான் பாக்கி. அவர் அண்ணியைப் பார்த்தார். தனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று அவள் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள்.

அவர் கையைத் தூக்கியதாக ஒரு பக்கம் எழுதினேன். தூக்காததாக ஒரு பக்கம். இரண்டையும் நம்ப முடிந்தது. நீங்கள் வந்து தலைவரின் நாற்காலியில் உட்காருங்கள். வெளியே மறுபடியும் தூறல் போடுகிறது.