கவுஞ்சிக்குப் போனவள்

பேராசிரியர் உபகாரத்தின் மேசைமேல் தன் ஆய்வறிக்கை தனியாக எடுத்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்ததுமே சௌம்யா வாசலிலேயே தயங்கினாள்.

"உக்காரும்மா. உம்மேல ஒரு புகார் வந்திருக்கு. நீ கவுஞ்சி கிராமத்துக்குப் போகவே இல்லயாம். ரூம்ல இருந்தபடியே பேட்டியெல்லாம் கற்பனையா எழுதிட்டியாம்."

"யார் சார் சொன்னது?"

"அது சொல்லக் கூடாது. நீ போனேன்னு எழுதியிருக்கிற தேதியில பூம்பாறைக்கு மேல மரம் விழுந்து பஸ்ஸே ஓடல. அப்புறம் எப்படிப் போன?"

மரம் விழுந்த இடம் வரைக்கும் போய், அதைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் வழியில்லாமல் ஊருக்கே திரும்பிய கேரட் வேனில் ஏறிப் போனதைச் சொன்னாள். வேன்காரர் பெயர் தெரியாது. தான் பேட்டி எடுத்த பூண்டு விவசாயி சண்முகவள்ளி ஃபோட்டோவுக்குச் சம்மதிக்கவில்லை. குரல் பதிவு இருக்கிறது. ஆனால் வேறு யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் பதிவு செய்தாள். சொல்லச் சொல்ல, தன் பேச்சு தனக்கே பொய் மாதிரி கேட்டது.

கொடைக்கானல் மலையில் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் அவள் அப்பா வேலப்பன், மகளுக்கு அங்கே இடம் கிடைத்ததை வருகிற பக்தர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எழுதியது பொய் என்று முடிவானால் அங்கே இரண்டாம் பேச்சுக் கிடையாது. போன வருஷம் ஒருவனைப் பெட்டி படுக்கையோடு மலையிறக்கிவிட்டார்கள்.

"வர்ற வியாழக்கிழமை நாம ரெண்டு பேரும் போயி அந்தம்மாவையே கேட்டுருவோம்," என்றார் உபகாரம். குரலில் கனிவு குறையவே இல்லை.

விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் சௌம்யாவுக்கு ஒரே யோசனைதான். பஸ் ஓடாதது யாருக்குத் தெரியும்? அறைத்தோழி பிரின்ஸிக்குத் தெரியும். அவள் அப்பா அந்தத் தடத்தில்தான் பஸ் ஓட்டுகிறார். கவுஞ்சியிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், ஷூவைக்கூடக் கழற்றவிடாமல் பிரின்ஸி கேட்டாளே: "பஸ்தான் ஓடலயே, நீ எப்பிடிப் போன?" வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்க அவர்கள் துறைக்கு இருந்தது ஒரே இடம். அதற்கு விண்ணப்பித்திருந்தவர்கள் இவர்கள் இருவர்தான்.

அன்றிலிருந்து சௌம்யா குளிக்கப் போனாலும் லேப்டாப்பைப் பூட்டிவிட்டுப் போனாள். பிரின்ஸி ஃபோனில் தணிந்த குரலில் பேசினால் இவள் காது அங்கேயே நின்றது. மெஸ்ஸில் அவள் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்த்தாள். "என்னடி ஆச்சு ஒனக்கு?" என்று பிரின்ஸி தோளைத் தொட்டபோது, "ஒண்ணுமில்ல, தலவலி," என்று நகர்ந்துகொண்டாள். அந்த அக்கறைகூட வேவு பார்ப்பதாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை பல்கலைக்கழக ஜீப் கவுஞ்சியில் போய் நின்றது. சண்முகவள்ளி பூண்டு வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் அவள் கொழுந்தன் சின்னக்கருப்பன் நின்றிருந்தான்.

"வணக்கம்மா," என்றார் உபகாரம். "இந்தப் பொண்ணு ஒங்கள வந்து பாத்துச்சா? விதைப்பூண்டு பத்திப் பேசுனீங்களா?"

சண்முகவள்ளி ஜீப்பைப் பார்த்தாள். கொழுந்தனைப் பார்த்தாள். சௌம்யாவை மட்டும் பார்க்கவில்லை.

"இல்லீங்க. இந்தப் பிள்ளைய நான் பாத்ததே இல்ல."

"அக்கா..." என்று ஓரடி வைத்த சௌம்யா, சின்னக்கருப்பன் தன்னையே உற்றுப் பார்ப்பதைக் கண்டு நின்றுவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. நிலம் மொத்தத்தையும் ரிசார்ட்காரனுக்கு விற்கத் துடிப்பவன் இவன்தான். இவனுக்குத் தெரியாமல் திண்டுக்கல்லில் வக்கீலைப் பார்த்து வந்ததையும், விதைப்பூண்டைக் கிளாவரையில் அண்ணன் வீட்டில் பத்திரப்படுத்தியிருப்பதையும் சண்முகவள்ளி அந்தப் பதிவில்தான் சொல்லியிருந்தாள்.

"என்ன சோலியாங்க வந்திருக்கீக? நெலத்த அளக்கவா?" என்றான் சின்னக்கருப்பன்.

"வேற ஆளைத் தேடி வந்தோம். ஊரு மாறிப்போச்சு," என்றாள் சௌம்யா.

ஜீப் மன்னவனூரைத் தாண்டியதும் உபகாரம் சொன்னார்: "அந்தப் பதிவை ஒரு நிமிஷம் போட்டுக் காட்டு. போதும்."

ஃபோன் கையில்தான் இருந்தது. தன் படிப்பு, அப்பாவின் முகம், எல்லாம் கண்முன் வந்துபோயின. "அவங்க சரின்னு சொல்லாம முடியாது சார்," என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஆத்திரமெல்லாம் அறைக்கு வந்ததும் பிரின்ஸிமேல் கொட்டியது.

"இப்ப சந்தோஷமா? அந்த சீட் ஒனக்குத்தான். அதுக்காகத்தான என்னைப் போட்டுக் குடுத்த?"

பிரின்ஸிக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் எழுந்து நின்றாள். "ரோட்ல காட்டுமாடு நிக்குதுன்னு அப்பா சொன்னாரு. நீ தனியாப் போனியேன்னு பயந்து கேட்டேன். அதுக்கா இப்பிடி?"

"நடிக்காத."

மறுநாளே வார்டனிடம் கேட்டு அடுத்த பிளாக்குக்கு மாறிப்போனாள் பிரின்ஸி. காலியான கட்டிலைப் பார்த்தபோதும் சௌம்யாவுக்குச் சந்தேகம் தீரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் ஓடுகிறது என்றே நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோன் அடித்தது.

"பாப்பா, நான் சண்முகவள்ளி. சந்தைக்குப் பூண்டு கொண்டாந்திருக்கேன். எங்கொழுந்தன் கூட வரல. ஒங்க வாத்தியார வெரசாக் கூட்டியா."

கொடைக்கானல் சந்தையின் இரைச்சலுக்கு நடுவே, பூண்டு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடி சண்முகவள்ளி உபகாரத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அன்னைக்கு இந்தப் பிள்ளை வாயத் தெறந்திருந்தா எங்குடும்பத்துல வெட்டுக்குத்து ஆயிருக்கும்ங்க. தம் பொழப்பு போனாலும் போகட்டும்னு நின்னுச்சு. நாந்தான் பொய் சொன்னேன்." பிறகு சௌம்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்க பாப்பா. ஜீப்பப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல."

சந்தையை விட்டு வெளியே வந்ததும், "உன் அறிக்கைய ஏத்துக்கிறேம்மா," என்றார் உபகாரம்.

"இப்பவாவது சொல்லுங்க சார். புகார் குடுத்தது யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாரும் குடுக்கல. அன்னைக்கு நானும் பூம்பாறையிலதான் மாட்டிக்கிட்டேன். அதனால எனக்கே சந்தேகம். என் சந்தேகம்னு ஒங்கிட்ட நேராச் சொல்லச் சங்கடமா இருந்துச்சு. புகார் வந்திருக்குன்னு சொல்லிட்டேன்."

அவரைத் திட்டச் சௌம்யாவுக்கு வாய் வரவில்லை. அவர் செய்ததைத்தானே அவளும் பிரின்ஸிக்குச் செய்திருந்தாள். அவராவது கவுஞ்சி வரை போய் விசாரித்தார்.

"நீங்க எங்கூட ஹாஸ்டலுக்கு வரணும் சார். பிரின்ஸிகிட்ட இத நீங்களே சொல்லணும்."

"அது... நான் எப்படிம்மா..."

"வரணும் சார்."

விடுதி வரவேற்பறையில் பேராசிரியர் தலை குனிந்து சொன்னதைப் பிரின்ஸி நின்றபடியே கேட்டாள். அவர் போனபிறகு சௌம்யாவிடம், "சரி, தெரிஞ்சுக்கிட்டேல்ல," என்றாள்.

"ரூமுக்குத் திரும்பி வந்துருடி."

"வேண்டாம். இங்கயே இருக்கேன்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சௌம்யாவை அழவைத்தது.

வெளிநாட்டு இடம் மதிப்பெண்படி பிரின்ஸிக்கே கிடைத்தது. அவள் கிளம்பும் நாளில் அழைக்காமலே சௌம்யா வந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டாள். பிரின்ஸி வேண்டாம் என்று சொல்லவில்லை. வத்தலக்குண்டு வரை பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். பிரின்ஸி போகிற நாட்டின் குளிரைப் பற்றி, என்ன துணி எடுத்திருக்கிறாள் என்பதைப் பற்றி, கொண்டை ஊசி வளைவில் யாரோ வாந்தி எடுத்ததைப் பற்றிப் பேசினார்கள். மதுரை பஸ் வந்ததும் பிரின்ஸி பையை வாங்கிக்கொண்டாள்.

"போய்ச் சேந்ததும் மெசேஜ் பண்ணு," என்றாள் சௌம்யா.

"பாக்கலாம்," என்று ஏறிக்கொண்டாள் பிரின்ஸி.