நான்காம் மாடிக் கடல்

2003 கார்த்திகை முதற்கிழமையிலிருந்து, ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு தொடர்மாடியின் நான்காம் தளத்தில், கிளெமென்ற் வீட்டு இருப்பறைக்குள் ஒரு நாளைக்கு இரண்டு தரம் கடல் வந்து போனது. கணுக்காலளவு தண்ணீர். யாருடைய கணுக்கால் என்று கேட்டால், அவருடைய மனைவி உதயகுமாரியுடையது. வெளியே பனி உறைந்து கிடந்த நாட்களிலும் தண்ணீர் முப்பத்தொரு பாகைச் சூட்டில் இருந்தது. மகள் ஹன்னா மூன்று தரம் அளந்திருக்கிறாள். அது வாசலைத் தாண்டாது, கீழ்வீட்டுக்கு ஒழுகாது. கிளெமென்றின் கால்களைச் சுற்றி மட்டும் ஒரு மஞ்சள் படலம் வட்டமாக மிதந்து உள்ளிப்பூண்டு மணக்கும். ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் வடிந்துவிடும். உதயகுமாரி கடல் வரும் நேரங்களைத் தேவாலயக் கலண்டரில் குறித்து வைத்து, அதற்கேற்றபடி கம்பளத்தைச் சுருட்டினார்.

அது எந்தக் கடல் என்பதில் வீட்டில் சந்தேகம் இருக்கவில்லை. ஈரானும் ஈராக்கும் சண்டை பிடித்த காலத்தில், 1987இல், மன்னாரிலிருந்து போன கிளெமென்ற் பாரசீக வளைகுடாவில் நோர்வே முதலாளி ஒருவரின் கப்பலில் வேலை செய்தார். ஒரு நாள் எறிகணை விழுந்து மேற்தளத்தில் இருந்த பீப்பாய்கள் பிளந்தன. உள்ளே என்ன இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. கிளெமென்றும் இன்னும் ஆறு பேரும் அந்த மஞ்சள் தண்ணீரைக் கையுறை இல்லாமல் பத்து நாள் துடைத்தார்கள். பிறகு கப்பல் பழைய இரும்பாகப் போனது, கம்பனியும் மூடப்பட்டது. அவர் ஒஸ்லோவுக்கு வந்து வெதுப்பகம் ஒன்றில் பதினான்கு வருடம் மாக் குழைத்தார். நாலு படி ஏற மூச்சுக் காணாமல் வேலையை விட்ட கிழமைதான் கடல் முதல் தரம் வந்தது.

போர்க்கடலில் நஞ்சுபட்ட மாலுமிகளுக்கு ஊனக் கொடுப்பனவு உண்டென்று ஹன்னா அறிந்து விண்ணப்பம் போட்டாள். அது கிடைக்காவிட்டால் அவர் திரும்ப வெதுப்பகத்துக்குப் போகவேண்டும்; போனால் அடுத்த கோடையைக் காணமாட்டார் என்று உதயகுமாரி பயந்தார். ஆனால் கப்பலும் இல்லை, கம்பனியும் இல்லை. பதினொரு டொக்டர்மார் எப்படிச் சுகம் என்று கேட்டிருந்தார்கள். பதினொரு பேருக்கும் கிளெமென்ற் மரியாதையாக, நல்ல சுகம் என்று சொல்லியிருந்தார். பதினொரு கடதாசியிலும் அது அப்படியே பதிவாகியிருந்தது.

கடைசியில் கொடுப்பனவு அலுவலகத்திலிருந்து பெரித் என்ற பெண் அதிகாரி கடலை நேரில் பார்க்க ஒரு வியாழன் காலை வந்தார். உதயகுமாரி ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்பவர். கடல் பத்து மணிக்கு வந்தது. பத்தரைக்குள் அவர் பள்ளிக்கூடத்து உறிஞ்சு மெசினால் முழுவதையும் இழுத்துக் குளியல் தொட்டியில் ஊற்றி, தரையை மினுக்கி, கணவருக்குத் தலைமயிருக்கு மையும் பூசி, றோல்ஸ் பொரித்து வைத்துவிட்டார். பெரித் மூன்று றோல்ஸ் சாப்பிட்டார், எப்படிச் சுகம் என்று கேட்டார், பதிலை எழுதிக்கொண்டு போனார். மூன்றாம் கிழமை மறுப்புக் கடிதம் வந்தது.

"அம்மா, அந்தக் கடலைப் பாக்கத்தானே அவ வந்தவ!"

"வீட்டுக்கு ஆக்கள் வரேக்கை தரையிலை தண்ணி நிண்டா என்னை என்னெண்டு நினைப்பினம்?"

"விடு பிள்ளை," என்றார் கிளெமென்ற். "நாங்கள் ஏழு பேர் பத்து நாள் துடைச்சதைக் கொம்மா அரை மணித்தியாலத்திலை முடிச்சிட்டா. கப்பலுக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கவேணும்."

மூன்று பேரும் சிரித்தார்கள். உதயகுமாரி மட்டும் இடையில் நிறுத்தி, குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

மேன்முறையீடு 2006 பங்குனியில், நகரத்து அலுவலகத்தில் நடந்தது. கடல் அதுவரை வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு ஆரும் சுகம் கேட்டா உண்மையைச் சொல்லுங்கோ," என்று ரயிலில் உதயகுமாரி சொன்னார்.

"பழக்கமில்லையே, குமாரி."

மேசைக்கு அந்தப் பக்கம் பெரித்தும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். பெரித் வழமைபோலச் சுகம் கேட்டார். கிளெமென்ற் "நல்ல" என்று தொடங்க, உதயகுமாரி அவருடைய காலை மிதித்தார்.

"சுகமில்லை," என்றார் கிளெமென்ற். "பத்தொன்பது வருசமாச் சுகமில்லை."

இரண்டு இருபதுக்குக் கதவுக்குக் கீழால் கடல் வந்தது. அவர் சொன்னதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. கலண்டரின்படியும் அதுதான் நேரம். அதிகாரிகள் கால்களைத் தூக்கினார்கள். அறையின் மூலையில் ஒரு துடைப்பம் சாத்தியிருந்தது. உதயகுமாரியின் வலக்கை தானாக அந்தப் பக்கம் போனது. அவர் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்து இழுத்து, இரண்டு கைகளையும் கதிரையில் வைத்து, அவற்றின் மேலேயே ஏறி இருந்தார். தண்ணீர் வடியும்வரை, ஐம்பத்தைந்து நிமிடம், எழும்பவில்லை. பெரித் குறிப்பேட்டில் எழுதினார்: இளஞ்சூடு, உப்பு, விண்ணப்பதாரரின் காலடியில் மஞ்சள், உள்ளி மணம்.

ஐந்தாம் கிழமை கொடுப்பனவு முழுமையாக அனுமதிக்கப்பட்டது. கடல் நிற்கவில்லை. வருடத்துக்கு ஒருதரம் சரிபார்க்க வரும் பெரித், வாசலில் சப்பாத்தோடு காலுறையையும் கழற்றிவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு, தண்ணீரில் கால் வைத்தபடி றோல்ஸ் சாப்பிடுவார். அந்த நாட்களில் உதயகுமாரி தரையைத் தொடுவதில்லை. யன்னல்களை மட்டும் துடைப்பார்.