மூக்கு எடுத்த படம்

அடப்பாவி! ஒரு படத்தில்கூட அக்கா தெளிவாக இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள். எல்லாவற்றிலும் அவள் முகம் ஆவியடித்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல் மங்கல். ஸ்டுடியோ கம்ப்யூட்டர் முன்னால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பஸ் பணிமனையில் பதினெட்டு வருஷம் என்ஜினோடு மல்லுக்கட்டியவள் அவள். நேற்று சிறந்த மெக்கானிக் விருது. அதற்கு முன்பே வெளியூர்ப் பணிமனையின் தலைமைப் பொறுப்புக்கும் அழைப்பு வந்திருந்தது. போகிறாளா இல்லையா என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். "உன் மாமா 'போ'ன்னுதான் சொல்றாரு. ஆனா அவரைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலடா" என்று முக்கால்வாசி வேண்டாமென்றே முடிவு செய்திருந்தாள். அந்த மேடைப் படமாவது மிஞ்சட்டும் என்றுதான் தம்பி என்னைப் படமெடுக்கக் கூப்பிட்டாள்.

போன வாரம் வாங்கிய புதுக் கேமரா. பழையதுபோல் உள்ளே கண்ணாடி எழும்பி 'டப்'பென்று அடிக்காது. சத்தமே இல்லாமல் நொடிக்கு இருபது படம். கண் வைக்கும் இடத்திலும் குட்டித் திரை. முதுகு முழுக்கத் தொடுதிரை. தொட்ட இடத்துக்கு ஃபோகஸ் போய்விடும். நானோ இடது கண்ணால் பார்க்கிறவன். வீடே கிண்டலடிக்கும் என் தடிமூக்கு விழா முழுக்கத் திரையின் வலப்பக்கத்தை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது! பழைய கேமராவில் இருபது வருஷம் அழுத்தியும் ஒன்றும் ஆகாத மூக்கு. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வலது ஓரத்தில் யார் தெளிவாக விழுந்திருக்கிறார் என்று பெரிதாக்கினேன். மேடையில் குடும்பத்துக்குப் போட்ட நாற்காலியில் அக்கா வீட்டுக்காரர், மாமா.

அக்கா மைக்கில், "எங்க வீட்டுக்காரர் இல்லைன்னா நான் இல்லை" என்று சொன்ன நேரம் அது. மண்டபமே கைதட்டுகிறது. மாமா கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கோணி, சாணியை மிதித்தவர் மாதிரி அவளைப் பார்க்கிறார். அடுத்தடுத்த படங்களிலும் அதே முகம். அவள் அவர் பக்கம் திரும்பும்போது மட்டும் பல் தெரியச் சிரிப்பு. அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பியதும் சிரிப்பைக் காணோம்.

அழிக்கப் போனேன்.

"நில்லுடா" என்றாள் அக்கா, என் முதுகுக்குப் பின்னாலிருந்து. எப்போது வந்தாள்?

"கேமரா கோளாறுக்கா. ஒரு நொடியில எல்லார் மூஞ்சியும் அப்படித்தான்..."

"எத்தனை படத்துல இப்படி இருக்காரு?"

"நூறுக்கு மேல."

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். பிறகு என் கண்முன்னாலேயே மேலதிகாரிக்குப் போன் போட்டாள். "சார், நான் போறேன். திங்கக்கிழமையே சேர்ந்துக்கறேன்."

போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "மன்னிச்சிடுக்கா, உன் படம் ஒண்ணுகூட..."

"என்னைத் தெளிவா எடுத்திருந்தா, வேணாம்னு சொல்லியிருப்பேன்டா" என்றாள்.