பக்கம் பதினெட்டில் ஒரு சாவு, இருநூற்று மூன்றில் இன்னொன்று

மஞ்சள் வீட்டு எழுத்தாளர் எழுதும் வேகத்துக்கு மை ஈடுகொடுக்காது. வார்த்தை முதலில் தாளில் விழும். மை கொஞ்சம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்து சேரும். இதில் மிகை எதுவும் இல்லை. அவர் ஒரு பத்தியை முடித்து அடுத்த அறைக்குப் போன பிறகு, வெறும் கீறலாகக் கிடந்த வரிகளில் நீலம் ஏறுவதை எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவர் இரண்டு முறை நின்று பார்த்திருக்கிறார். மாதத்துக்கு ஒன்றாக இருபத்தாறு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு நாவல்கள். அட்டையில் மரியாதையாக ‘அமானுஷ்யக் காதல் நாவல்’ என்று போட்டிருக்கும். வாங்குகிறவர்கள் பேய்க் காதல் என்றுதான் கேட்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு நாயகர்களும் இருபதாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் செத்துப்போனார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் இருநூற்று நாற்பதாம் பக்கத்தில் கல்யாணமும் செய்துகொண்டார்கள். உயிரோடிருக்கிற மாப்பிள்ளைகளிடம் இந்த ஒழுங்கை எதிர்பார்க்க முடியாது.

உட்கார்ந்து எழுத அவருக்கு வராது. உட்கார்ந்தால் கால் துடிக்கும், கால் துடித்தால் மேஜை துடிக்கும், மேஜை துடித்தால் நாயகனுக்குத் திக்குவாய் வந்துவிடும். அதனால் பரீட்சை அட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடு முழுக்க நடந்துகொண்டே எழுதுவார். நாயகனும் நாயகியும் முதன்முதலில் சந்திப்பது சமையலறையில். சண்டைகள் மாடிப்படியில், படிக்கு ஒரு வாக்கியம். முத்தங்களைக் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எழுதுவார். வீட்டிலேயே உள்தாழ்ப்பாள் உள்ள அறை அது ஒன்றுதான். எழுதின இடம் கதைக்குள் கசியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒருமுறை துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் அட்டையை வைத்துக் காதலைச் சொல்லும் காட்சியை எழுதினார். அந்த நாயகன் காதலைச் சொல்லும்போது மூன்று சுற்று சுற்றினான். வாசகர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போய், இன்னும் சுற்றச் சொல்லிக் கடிதம் போட்டார்கள்.

அவருடைய கணவர் அந்த நாவல்கள் அச்சாகும் அச்சகத்திலேயே புரூஃப் பார்ப்பவர். தோள் கொஞ்சம் வளைந்திருக்கும், யார் பேசினாலும் நடுவில் நிறுத்துவார், ஆகவே அச்சகத்தில் அவருக்குக் கமா என்று பெயர். முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு பிழைகூட அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. அவர் நடந்துபோகும் தெருக்களில் கடைப் பலகைகள் பயந்துபோய்த் தாமே எழுத்தைத் திருத்திக்கொண்டன. அவருடைய ரகசியம் எளிமையானது. கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி மேல்நோக்கிப் படித்துக்கொண்டு போவார். அப்படிப் படித்தால் கதை கண்ணை மறைக்காது. நாயகனின் கண் நிறம், மச்சம் இருக்கும் கன்னம், செத்த விதம் எல்லாவற்றையும் தனியாக ஒரு பட்டியலில் குறித்துக்கொள்வார், முன்னுக்குப் பின் முரணாக வந்தால் பிடித்துவிடுவார். முந்நூற்றுச் சொச்சம் நாவல்களை எழுத்தெழுத்தாகப் பார்த்தவருக்கு ஒரு நாவலின் கதையும் தெரியாது. எழுத்தாளர் ஒவ்வொரு முறையும் கேட்பார், “ஏங்க, கதை எப்படி இருந்துச்சு?” கமா கண்ணாடியைத் துடைத்தபடி சொல்வார், “அம்பத்தோராம் பக்கத்துல ஒரு புள்ளி விட்டிருந்தே.” இருபத்தாறு வருடமாக இதுதான் அந்த வீட்டில் விமர்சனம்.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது நாவலின் நாயகன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, உள்ளே யாரும் இல்லாத குளியலறையைத் திறந்துகொண்டு சொட்டச் சொட்ட வெளியே வந்தான். புருவத்துக்கு மேல் தழும்பு, இரண்டு நாள் தாடி, எழுத்தாளர் தானே தேர்ந்தெடுத்த சாம்பல் நிறச் சட்டை. துண்டு கேட்டான். கொடுத்தார். துவட்டத் துவட்ட நனைந்துகொண்டே இருந்தான். பிற்பகல் மூன்று மணிக்கு மொட்டைமாடியிலிருந்து சமையலறை ஜன்னலைக் கடந்து தலைகீழாக முற்றத்தில் விழுந்தான். இரண்டு நிமிடத்தில் படியேறி வந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மிகுந்த பணிவோடு கேட்டான். “அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. நான் எப்படிங்க செத்தேன்?”

எழுத்தாளர் புத்தகத்தைப் புரட்டினார். பதினெட்டாம் பக்கத்தில் அவன் ஆற்றில் மூழ்கி இறந்திருந்தான். இருநூற்று மூன்றாம் பக்கத்தில் நாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆலையின் உச்சியிலிருந்து விழுந்து இறந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எழுத்தாளருக்கு உடனே விளங்கிவிட்டது. பதினெட்டை எழுதும்போது குளியலறைக் குழாய் திறந்திருந்தது. இருநூற்று மூன்றை எழுதும்போது மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒன்பது நாளும் ஏகப்பட்ட நடையும் ஆகியிருந்தன. முதல் சாவைக் கால் எங்கேயோ உதிர்த்துவிட்டது.

சிக்கல் நாயகனுக்குத்தான். இருநூற்று நாற்பதாம் பக்கத்தின் வாசலில் அவனை உள்ளே விடவில்லை. செத்த காரணத்தை எழுதும் கட்டத்தில் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறதாம். உள்ளே நாயகி கல்யாண உடையில் காத்துக்கொண்டிருந்தாள். இவன் தினமும் நாள் முழுக்கச் சொட்டி, மூன்று மணிக்கு விழுந்து, மற்ற நேரத்தில் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். எழுத்தாளரும் நடக்கிறவர். நிலைகொள்ளாத இரண்டு பேருக்கு அந்தக் கூடம் போதவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது முறை முட்டிக்கொண்டு, நாற்பது முறையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த நாவலின் நாயகன் காய்ச்சலில் இறக்கவேண்டிய ஒரு வயலின் வித்வான். மூன்றாவது வரியிலேயே அவன் சட்டை சொட்டத் தொடங்கியது. கிழித்துப்போட்டு மறுபடி தொடங்கினார், மறுபடி சொட்டியது. இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக ஒரு மாதம் நாவல் இல்லாமல் போனது. பிறகு இன்னொரு மாதம். பிறகு வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வரலாயின. தன் பிரதியில் இருநூற்று நாற்பதாம் பக்கத்து மணப்பெண்ணுக்கு ஒரு நரை தெரிகிறது என்று ஒரு பல் மருத்துவர் எழுதினார். இன்னொருவர் பிரதியில் அவள் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். நான்காம் மாதம் அவளுக்குக் கண்ணாடி போட்டாயிற்று.

திருத்துவது ஒன்றும் பெரிய காரியமில்லை. இரண்டாம் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. ஆனால் அச்சகத்தில் ஒரு சட்டம் உண்டு. அச்சேறிய புத்தகத்தில் எதை மாற்றினாலும், புரூஃப் பார்த்தவர் ஓரத்தில் ‘இது என் கண்ணுக்குத் தப்பியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். நாயகன் வந்தபோது கமாவுக்கு ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. பிழையே விடாதவர் என்று கேடயம் கொடுக்க முதலாளி அப்போதே சொல்லிவைத்துவிட்டார்.

“ஒரு கையெழுத்துதானேங்க.”

“எதுக்கு?”

“ரெண்டு தடவை செத்திருக்கான்.”

“என் பட்டியல்ல ஒரு சாவுதான் இருக்கு.”

“அதான் பிரச்சினை. ஆளு உங்க பக்கத்து நாற்காலியில உக்காந்து சொட்டிக்கிட்டு இருக்கான், பாருங்க.”

கமா பார்க்கவில்லை. நாற்காலிக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீரை மட்டும் பார்த்தார். “பைப் ஒழுகுது. ஆளை வரச் சொல்லியிருக்கேன்.”

குழாய் வேலைக்காரர் வந்தார். முக்கால் மணி நேரம் எல்லாக் குழாய்களையும் தட்டிப் பார்த்தார். “சார், பைப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இவருதான் ஒழுகுறாரு.”

“உங்களைப் பைப்பைப் பாக்கத்தான் கூப்பிட்டேன்.”

“அதான் பாத்துட்டேனே.”

“இன்னொரு தடவை பாருங்க.”

வந்ததற்கு ஏதாவது செய்தாகவேண்டுமே என்று அவர் நாயகனின் இரண்டு மணிக்கட்டிலும் குழாய் மரைக்குச் சுற்றும் வெள்ளை நாடாவை நாலு சுற்று சுற்றிவிட்டுப் போனார். நல்ல வேலைக்காரர், ஒழுகல் இரண்டு நாள் பாதியாகக் குறைந்தது.

எழுத்தாளர் கையெழுத்தைத் தானே போட்டுப் பார்த்தார். கணவரின் கையெழுத்து அச்சு அசலாகக் கையில் வந்தது, மைதான் வரவில்லை. மூன்று நாள் காத்திருந்தார். எப்போதும் தாமதமாகவாவது வந்துசேரும் மை அந்தத் தாளுக்கு வரவே இல்லை. அதன்பிறகு அவர் கணவரை வற்புறுத்தவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு கல்யாணம் செய்துவைத்தவர் அவர். இந்த மனிதருக்கென்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு பெருமைதான் இருந்தது என்பது அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் ராத்திரி தலையணையில் அவர் கால்கள் சும்மா இருக்கவில்லை. படுத்தபடியே நாலு மைல் நடந்தார்.

ஐந்தாம் மாதம் கமா மதியம் வீட்டுக்குச் சாப்பிட வர ஆரம்பித்தார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கட்டில் மெத்தையைச் சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டுபோய், சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே முற்றத்தில் விரிப்பார். நாலு விரல் இடமும் வலமும் தள்ளிப் போட்டு, அண்ணாந்து பார்த்து, மறுபடி சரிசெய்வார். மூன்றரைக்கு எடுத்துவிடுவார்.

“எதுக்குங்க இது?”

“மெத்தைக்கு வெயில் படணும்.”

“மழை பெய்யுது.”

“நேத்து வெயிலா இருந்துச்சு.”

அன்றிலிருந்து நாயகன் முழங்காலில் மண் இல்லாமல் படியேறி வந்தான். “சார் ரொம்ப நல்லவருங்க அம்மா” என்றான். “நல்லவர்தான், யார் இல்லைன்னா?” என்றார் எழுத்தாளர். “ஒத்துக்க மாட்டார், அவ்வளவுதான்.”

பிரிவுபசார நாள் காலையில் ஒரு கடிதம் வந்தது. எழுத்தாளர் அதைக் கணவர் சட்டை மாட்டிக்கொண்டிருக்கும்போது உரக்கப் படித்தார். வாசகரின் பிரதியில் மணப்பெண் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாளாம். இன்று மாலைக்குள் ஆள் வரவில்லையென்றால் கிளம்பிவிடுவதாகப் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் தெரிகிறதாம். கமா கடைசிப் பொத்தானைப் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார்.

“தனியாவா போறா?” என்றார். “அவ தங்கச்சிகிட்ட சொல்லலையா?”

எழுத்தாளர் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தங்கச்சி தொண்ணூற்றேழாம் பக்கத்தில் வருகிறவள். பேர் கிடையாது, வர்ணனை கிடையாது, எந்தப் பட்டியலிலும் ஏறாதவள். நாயகியோடு சேர்ந்து இரண்டு பக்கம் அழுவதுதான் அவள் வேலை. வரி வரியாகக் கீழிருந்து மேலே போகிறவருக்கு அப்படி ஒரு தங்கச்சி இருப்பதே தெரிய வழியில்லை.

அச்சகத்தில் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, காகிதக் கட்டுகளுக்கு நடுவே மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எழுத்தாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். காலாட்டத்தில் வரிசை முழுக்க நடுங்கியது. நாயகன் கூடவே வந்து கடைசி வரிசையில் அடக்கமாக உட்கார்ந்தான். அவனிடமிருந்து புறப்பட்ட தண்ணீர் நாற்காலிகளுக்கு அடியில் ஊர்ந்து முன்வரிசைவரை வந்தது. ஜனங்கள் பேச்சைக் கவனித்தபடியே காலைத் தூக்கிக்கொண்டார்கள். முதலாளி முப்பத்துநான்கு வருடத்தையும் வருடவாரியாகப் புகழ்ந்துவிட்டுக் கேடயத்தை எடுத்தார். மணி இரண்டே முக்கால்.

“ஒண்ணு இருக்கு” என்றார் கமா.

முதலாளி அதை அடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்.

“முன்னூத்திப் பன்னெண்டாவது புத்தகம். பதினெட்டுல ஆத்துல செத்தவன், இருநூத்தி மூணுல ஆலையிலேருந்து விழுந்தேங்குறான். நான் விட்டுட்டேன்.”

“நீங்களா?”

“அன்னைக்குத் தாளை மாத்தி அடுக்கியிருந்தாங்க. முதல் பக்கம் மேல இருந்துச்சு. சரி, நாலு வரிதானேன்னு மேலேருந்தே படிச்சேன்.” கமா மனைவியைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துப் பேசினார். “எட்டாம் பக்கத்துல பேனாவைக் கீழ வச்சது ஞாபகம் இருக்கு. மறுபடி எப்ப எடுத்தேன்னு தெரியல. இருநூத்தி மூணுல அவன் அவ கையைப் பிடிச்சுச் சொல்றான் பாருங்க, அங்க எனக்கு எழுத்தே தெரியல. தண்ணிக்குள்ள இருந்து பாத்த மாதிரி இருந்துச்சு.”

பிறகு அவர் பதினெட்டாம் பக்கத்தையும் சிவப்புப் பேனாவையும் கேட்டு வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையை நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, உனக்கு எது வேணும்?”

நாயகன் எழுந்து நின்று யோசித்தான். “விழுறது ஒரு நிமிஷம்தாங்க சார். நனையுறது நாள் பூரா.”

கமா ஆற்றை அடித்தார். ஐந்து வரி நீளமுள்ள ஆறு, ஒரே கோட்டில் போனது. காலியான இடத்தில் எதைப் போடுவது என்று மனைவியிடம் கேட்டார். எழுத்தாளர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, ‘அன்று அவன் வீடு திரும்பவில்லை’ என்று சொன்னார். கமா அதை எழுதி, ஓரத்தில் ‘இது என் கண்ணுக்குத் தப்பியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அச்சகத்தின் தரை உடனே காய்ந்தது. நாயகன் சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், எல்லோருக்கும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்தான், மூன்று மணிக்குள் போயாகவேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். மணப்பெண் பெட்டியை இறக்கிவைத்துவிட்டாள் என்று அந்த வாரமே நூற்றுப்பதினோரு கடிதங்கள் வந்தன. நரை மட்டும் போகவில்லை, அது அவளுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று பல் மருத்துவர் எழுதியிருந்தார்.

அன்று நாயகன் வெளியேறிய பிறகுதான், முன்வரிசையின் நடுக்கம் நின்றிருந்ததை எல்லோரும் கவனித்தார்கள். எழுத்தாளரின் இரண்டு கால்களும், ஏதோ கடையில் வாங்கிவைத்த ஜோடிபோல, தரையில் அசையாமல் இருந்தன. முதலாளி கேடயத்தை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றுவிட்டு, தணிந்த குரலில் கேட்டார், “புத்தகத்துல தப்பு இருந்துச்சு, சரி. அந்த ஆளு நிஜமாவே உங்க வீட்டுலயா இருந்தாரு?”

கமா பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

“இருந்தான்” என்றார். “ஏழு மாசம். வந்த அன்னைக்கே பாத்துட்டேன்.”