கல்லறை உள்ளவள்

ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால் பிரிஜா அதை விட்டிருப்பாள். இது பதினைந்து. விக்டோரியா ராணி காலத்துப் பதினான்கு வரிக் கவிதை ஒன்றைக் கொடுத்து, அதில் காதலும் சாவும் நினைவும் எப்படி வருகின்றன என்று நான்கு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள் அவள். வயது முப்பத்தாறு. தேங்காய்ப்பட்டணத்தில் வீடு, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட ஆபீசில் தற்காலிக வேலை. பட்டம் வாங்கினால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு வகுப்புக்குப் போவாள்.

கவிதையில் பேசுகிறவள் சாகக் கிடக்கும் ஒரு மனைவி. வருஷத்துக்கு ஒரு தடவை என் கல்லறைக்கு வா, பாசியைச் சுரண்டிவிட்டு என் பெயரை வாய்விட்டு வாசி என்று முதல் எட்டு வரியில் கணவனிடம் கேட்கிறாள். ஒன்பதாவது வரியில் பேச்சு மாறுகிறது. உனக்கு வேறொரு வாழ்வு அமைந்தால் வர வேண்டாம், மழை என் பெயரைக் கரைத்தால் கரைக்கட்டும் என்கிறாள். பாடம் எடுத்த சுபிதா, பிரிஜாவைவிட இரண்டு வயது இளையவள், அந்த வரியின் கீழ்ப் பலகையில் கோடு போட்டாள். தன்னலமில்லாத அன்பு என்று எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

பிரிஜா பேனாவை மூடிவைத்தாள். வகுப்பில் அதுவரை அவள் வாய் திறந்ததில்லை.

"மேடம், அவளுக்குக் கல்லறை இருக்கு. அது உள்ளவ வராண்டாம்னு சொல்லலாம்."

சுபிதாவுக்குப் புரியவில்லை. பிரிஜா விவரமாகவே சொன்னாள். அவள் கணவன் அஜின் ஆறு வருஷத்துக்கு முன் ஆறு பேரோடு விசைப்படகில் கடலுக்குப் போனவன். நடுக்கடலில் புயலில் சிக்கினார்கள். பிறகு மூன்று பேருடைய உடல் கரைக்கு வந்தது. அஜின் வரவில்லை. அவனுக்காக ஒரு பூசை வைக்க, ஊரார் சொல்லியும், மாமியார் செசிலி இன்றுவரை சம்மதித்ததில்லை. வைத்தால் செத்துப்போனான் என்று ஆகிவிடும். கல்லறைத் திருநாளில் ஊரே பூவும் மெழுகுதிரியுமாகக் கிளம்பும்போது அவர்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்கள்.

சுபிதா சொன்னாள். "இதை எழுதுங்க பிரிஜா. ஆனா கவிதையோட வரியைக் காட்டி எழுதணும். உங்க கதையா எழுதினா மார்க் வராது."

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எழுத உட்கார்ந்தாள். அடுக்களை வாசலில் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்த செசிலி, அப்படி என்னத்தைத்தான் படிக்கிறாய் என்று கேட்டாள். பிரிஜா கவிதையைத் தமிழில் சொன்னாள். செசிலி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"அந்தப் பெண்ணுக்குப் பறஞ்சிட்டுப் போக நேரம் கெடச்சிருக்கு."

அதைக் கேட்டதும் பிரிஜாவுக்குத் தாங்கவில்லை. அஜின் புறப்பட்ட விடியற்காலை அவனோடு சண்டை. அவன் வாசலில் நின்று கூப்பிட்டும் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை இப்போது சொன்னாள். தன்னிடம் அவன் ஒரு வார்த்தையும் சொல்லிப்போகவில்லை என்றாள்.

செசிலி கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்கிட்ட மட்டும் என்னத்தப் பறஞ்சான்? காஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னான். அவ்வளவுதான் மக்கா."

அம்மாவிடம் ஏதோ சொல்லித்தான் போயிருப்பான், அதைப் பிடித்துக்கொண்டுதான் மாமி காத்திருக்கிறாள் என்று பிரிஜா நினைத்திருந்தாள். செசிலியோ, பெண்டாட்டியிடம் வருவேன் என்று சொல்லிப் போயிருப்பான், அவள் வாயால் வைக்கலாம் என்று சொல்லாமல் நாமாகப் பூசை வைக்கக்கூடாது என்று இருந்திருக்கிறாள்.

"அந்த மனுசன் கல்லறைக்குப் போனானா?" என்று செசிலி கேட்டாள்.

"அது கவிதையில இல்ல மாமி."

"செரி. நீ பூசைக்குச் சாமியார்ட்ட அஜின் பேரக் குடுத்திரு."

முதல் எட்டு வரி அந்த மனைவியின் ஆசை, மீதி ஆறும் அவள் கடமைக்குச் சொன்னது, பின்னால் வந்தது முன்னால் உள்ளதை அழிப்பதில்லை என்று பிரிஜா எழுதினாள். பதினைந்துக்குப் பதினொன்று கிடைத்தது. மூன்றாம் பக்கம் கவிதையை விட்டு விலகிவிட்டது என்று சுபிதா ஓரத்தில் குறித்திருந்தாள். எடுத்து வாசித்தபோது பிரிஜாவுக்கும் அப்படித்தான் பட்டது.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பூசை. இறந்தோர் பட்டியலில் அஜின் பெயர் இருபத்துமூன்றாவதாக வந்தது. சாமியார் மற்றப் பெயர்களைப் போலவே வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். செசிலி அழவில்லை. முட்டு வலிக்கிறது என்று மணலில் உட்கார்ந்துவிட்டாள். அதே படகில் போய் உடல் கிடைத்த ஜெபிஷின் மனைவி அபினா, தன் கணவன் கல்லறையில் வைத்த பூவைக் கொஞ்சம் தள்ளி இடம் கொடுத்தாள். பிரிஜா அங்கே ஒரு திரி ஏற்றினாள். காற்று இரண்டு தடவை அணைத்தது. மூன்றாம் தடவை செசிலி உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்தாள்.