லேடி டாக்டர்

என் அம்மி ஹாஜிரா பீ பொய் சொல்ல மாட்டாள். பாதியை மட்டும் சொல்வாள். "எம் பொண்ணு மஹ்விஷ் லேடி டாக்டர்" என்று அவள் அடையாறு முழுக்கச் சொல்லி வைத்ததில், பக்கத்துத் தெருப் பெண்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நான் மாட்டு டாக்டர் என்றதும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

காலேஜில் எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள்தான். வேலை என்று வந்ததும் எங்களுக்கு ஏசி அறை, நாய், பூனை. மாட்டுக்கு மட்டும் ஆம்பளை டாக்டர் வேண்டுமாம். நான் பிடிவாதமாக மாட்டுப் பக்கம் போனேன். கோட்டூர்புரம் பால்காரர் அங்கமுத்துவும் முதலில் "ஆம்பள டாக்டர் இல்லியா?" என்றவர்தான். குறுக்கே கிடந்த கன்றை உள்ளே கையை விட்டுத் திருப்பி எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் வேறு யாரையும் கூப்பிடுவதில்லை. அந்த வேலையில் வரும் சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தி.நகரிலிருந்து மாப்பிள்ளை அஃப்தாப்பும் அவர் வீட்டாரும் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவருடைய அம்மா அஸ்மத்துன்னிசா, "எம் பொண்ணு முழுகாம கீறா. இனிமே வூட்டுலயே லேடி டாக்டர், இன்னா கவலை?" என்று பூரித்துப் போனார். அம்மி அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. அங்கமுத்து.

"டாக்டரம்மா, மாடு முக்கிக்கினே கீது, கன்னு வரல. சீக்கிரம் வாம்மா."

எழுந்துவிட்டேன். "நான் மாட்டு டாக்டர். பிரசவம் பாக்கப் போகணும்."

சம்பந்தம் ஒழிந்தது என்று எனக்கு நெஞ்சு லேசானது. அஸ்மத்துன்னிசாவோ சிரித்துவிட்டார்.

"மாட்டு டாக்டரா? அதனால இன்னா கண்ணு? கல்யாணத்துக்கு அப்பறம் அந்த அசிங்கமெல்லாம் வேணாம். ஆசைக்கு ரெண்டு பூனை வளத்துக்க."

அஃப்தாப் தலையாட்டினார். நல்ல மனிதர்தான், அதுதான் என் ஆத்திரமே. திட்டினால்கூடச் சண்டை போட்டிருப்பேன்.

எங்களில் பெண்ணின் வாயில் இனிப்பை வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, நிச்சயம் ஆனது. "முடியாது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அஸ்மத்துன்னிசா பால்கோவாவை வைத்து அமுக்கினார்.

"முபாரக்!"

அம்மி அழுதாள். ஆளுக்கொருவர் என்னைக் கட்டிக்கொண்டார்கள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அங்கமுத்து வேறு டாக்டரைத் தேடி ஓடியிருப்பார். துப்பியிருக்கலாம். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினேன்.